பால்துரையின் இருதயம் ஓய்வு பெற்றது

பனையடியூர் டெப்போவில் எந்த டிரைவருக்குப் பணி ஓய்வு என்றாலும் கடைசியாகப் பேசுவது சங்கச் செயலாளர் தவமணிதான். மனுஷன் நல்லவர், யாருக்காவது அநியாயமாக இடமாற்றம் வந்துவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மேலாபீஸ் வாசலில் போய் நிற்பார், அதெல்லாம் சரிதான், ஆனால் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் எங்கே ஆரம்பித்தோம், எங்கே முடிக்கணும் என்பது அவருக்கு மறந்தே போகும். அப்படித்தான் அந்தப் பங்குனி வெயிலில், சாமியானாவுக்குக் கீழே, கழுத்து கொள்ளாத மாலையோடு வியர்த்து வழிந்துகொண்டிருந்த டிரைவர் பால்துரையைக் காட்டி, இந்தக் கை பிடித்த ஸ்டீயரிங் எத்தனை, இந்தக் கால் மிதித்த பிரேக் எத்தனை, இந்தக் கண் மழையிலும் பனியிலும் பார்த்த வளைவு எத்தனை என்று கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் காதுக்கும் தனித்தனியாக நன்றி சொல்லிக்கொண்டே வந்தவர், சொல்வதற்கு வேறு உறுப்பு மிச்சமில்லாமல் நெஞ்சுக்கு வந்துவிட்டார். "பிறந்ததுலயிருந்து ஒரு நாள் லீவு கேக்காம உழைச்ச இருதயமே! அண்ணாச்சிக்கு இன்னையோட ஓய்வுன்னா உனக்கும் இன்னையோட ஓய்வுதான். போ, போய் நிம்மதியா உக்காரு!" என்று கையை வீசிச் சொன்னார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டல் அடங்குவதற்குள் பால்துரையின் சட்டைப் பொத்தான்கள் ரெண்டு நெகிழ, அவருடைய இருதயம் வெளியே வந்தது. ரத்தம் கித்தம் ஒன்றுமில்லை, துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக, நல்ல பெரிய மாம்பழம் அளவில், ஒரு பக்கம் கொஞ்சம் மஞ்சளாகக் கொழுப்பு படிந்து, வெளிச்சம் கண்ணில் குத்திய மாதிரி ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு மடியில் இறங்கி, முழங்காலைப் பிடித்துத் தரைக்கு வந்து, டெப்போ சார்பில் அவருக்குப் பரிசாக வாங்கி வைத்திருந்த சாய்வு நாற்காலியில் ஏறி, நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டது. மாலை போட வரிசையில் நின்றவர்கள் அதற்கும் ஒரு மாலையை ரெண்டாக மடித்துப் போட்டார்கள். கிளை மேலாளர் கையில் இருந்த சால்வை அதற்குப் பெரிசாக இருந்ததால், யாரோ கொடுத்த கைக்குட்டையைப் போர்த்திப் போட்டோவுக்கு நின்றார். அதன்பிறகு வழக்கப்படி மேளம் முன்னால் போக, பால்துரை ஒரு வேனிலும் நாற்காலியோடு இருதயம் இன்னொரு வேனிலுமாக டிரைவர் காலனிக்கு வந்து சேர்ந்தார்கள்.

விழாவில் இருதயம் இறங்கி வந்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி செல்லக்கனிக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இதுக்கும் சேர்த்து ராத்திரிக்கு இட்லி ஊத்தணுமா, வேண்டாமா? பால்துரைக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவள் ஆக்கிப்போட்ட சோறு பெரும்பாலும் டிபன் கேரியரில்தான் போயிருக்கிறது. ஊரே தீபாவளி கொண்டாடினால் இந்த மனுஷனுக்கு அன்றைக்குத்தான் சிறப்புப் பேருந்து, பொங்கல் என்றால் டபுள் டூட்டி, திருச்செந்தூரில் சஷ்டி என்றால் ஒரு வாரத்துக்கு ஆளையே காண முடியாது. வீட்டுக்கு வரும்போது அவள் தூங்கியிருப்பாள், அவள் எழும்பும்போது அவர் முதல் டிரிப்பில் இருப்பார். அதனால் ஓய்வு, ஓய்வு என்று அந்த நாளுக்காக அவள் காத்துக்கிடந்த காத்திருப்பு கொஞ்சநஞ்சமல்ல. மனுஷன் வீட்டில் இருக்கணும், எதிரும் புதிருமாக உட்கார்ந்து சூடாக ஒரு வாய் சாப்பிடணும், நாலு வார்த்தை பேசணும், முடிந்தால் நாலு சண்டையும் போடணும். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆசைப்பட்டபடி ஆள் வந்துவிட்டார், இருதயம்தான் வெளியே இருந்தது. அது துடிக்காமல் இல்லை, துடித்தது, ஆனால் ஓய்வு பெற்ற ஆள் பேப்பர் படிக்கிற மாதிரி நிதானமாகத் துடித்தது. 'லப்' என்று ஒன்று, அப்புறம் கொஞ்சம் யோசனை, அப்புறம் போனால் போகிறது என்று ஒரு 'டப்'. அது அங்கே சோம்பினால் பால்துரைக்கு இங்கே கையும் காலும் சில்லிட்டுப்போகும், பாத்ரூமுக்கு நடந்து வந்தால் மூச்சு வாங்கும், சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கி விரல் வைத்தால் குழி விழும். அதைக்கூடச் செல்லக்கனி பொறுத்துக்கொண்டிருப்பாள். வாய்க்கு ருசியாக நெத்திலிக் குழம்பு வைத்துக் கொடுத்தால் "ம்" என்றார். அவருடைய தங்கை மகனுக்கு வேலை கிடைத்த சேதியைச் சொன்னால் அதற்கும் "ம்". கோபமாவது வருகிறதா பார்ப்போம் என்று ஒரு நாள் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள், மனுஷன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தார். அன்றைக்கு அவள் அடுப்படியில் நின்று அழுதாள். இத்தனை வருஷம் காத்திருந்து வாங்கின ஆளைக் கொண்டுவந்து வீட்டில் போட்டுவிட்டு, உள்ளே இருந்ததை உருவிக்கொண்டார்களே பாவிகள் என்று தவமணியை வாய்விட்டுத் திட்டினாள்.

இன்னொரு சங்கதியும் சீக்கிரமே தெரியவந்தது. இருதயத்தை விட்டு ஒரு தெரு நீளத்துக்கு மேல் பால்துரையால் போக முடியவில்லை. முக்குக் கடையில் டீ குடிக்கப் போனவர் பாதி டீயில் கண் இருட்டிச் சரிந்துவிட்டார், கடைக்காரர் சைக்கிளில் போட்டுக் கொண்டுவந்து நாற்காலிப் பக்கத்தில் இறக்கியதும்தான் முகத்தில் ரத்தம் ஓடியது. அன்றிலிருந்து வாசலைத் தாண்டுவதில்லை.

ஊர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஊர் என்ன செய்யும், பழகிக்கொண்டது. அதுவும் தவமணி சும்மா இருந்தால்தானே! சித்திரையில் ஒருத்தருக்கு ஓய்வு, வைகாசியில் ரெண்டு பேருக்கு ஓய்வு, பேச வேண்டாம் என்று எத்தனை தடவை படித்துப் படித்துச் சொன்னாலும் கைகால் எல்லாம் முடிந்து நெஞ்சுக்கு வந்ததும் அவருக்கு உணர்ச்சி பொங்கிவிடும், "இருதயமே!" என்று ஒரு கூப்பாடு போட்டுவிடுவார், அதுவும் இறங்கி வந்துவிடும். ஆடி பிறப்பதற்குள் டிரைவர் காலனியில் வீட்டுக்கு வீடு வராந்தாவில் ஒரு சாய்வு நாற்காலி, அதில் ஒரு இருதயம். எறும்பு ஏறாமல் நாற்காலிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார்கள். கொசுவலை தைத்துக் கொடுக்க ஒரு டெய்லர் கிளம்பினான். காலனிக்குள் வருகிற மினி பஸ் ஹாரன் அடிப்பதை நிறுத்தியது, பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே மைதானத்துக்கு இடம் மாறினார்கள். கல்யாண வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் வாசலில் நிற்கிற பிள்ளைகள் ஆளுக்குப் பன்னீர் தெளித்துவிட்டு இருதயத்துக்கும் ரெண்டு சொட்டுத் தெளித்தார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு, கூடவே, "மாமனாருக்கு உள்ளயா, வெளியயா?" என்றும் கேட்டு வைத்துக்கொண்டார்கள்.

பெண்களுக்கு மட்டும் யாருக்கும் வெளியே வரவில்லை. ஏன் என்று யாரும் யோசிக்கவுமில்லை.

வாரம் ஒரு நாள் பனையடியூர் ஆஸ்பத்திரிக்கு, டவுன் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இருதய டாக்டர் ஒருத்தர் வந்துபோவார், ரஹ்மத் நிஷா என்று பெயர், சின்ன வயசுதான், கண்டிப்பும் சிரிப்பும் சரிபாதி. செல்லக்கனி பால்துரையை ஒரு ஆட்டோவில் ஏற்றி, நாற்காலியோடு இருதயத்தை அவர் மடியில் வைத்துக் கட்டிக் கொண்டுபோனாள். டாக்டர் ஸ்கேன் கருவியின் தலையில் ஜெல்லைத் தடவி நேராக இருதயத்தின் மேல் வைத்தார். ஜெல்லின் குளிர்ச்சியில் அது கூச்சப்பட்டு நெளிந்தது.

"வயசாக வயசாக இருதயத்தோட சுவர் தடிச்சுப்போகும்மா" என்றார் டாக்டர். "சுருங்குறதுக்கு ஒண்ணும் குறையில்ல, விரியுறதுதான் கஷ்டம். விரிஞ்சாத்தான உள்ள ரத்தம் நிறையும்? ரத்தக்குழாயும் பழைய ஓஸ் மாதிரி விறைச்சுப்போகும். ஐயாவுக்கு அதுதான் ஆகியிருக்கு. பத்தாததுக்கு உக்காந்தே இருக்குதா, இன்னும் வேகமா விறைக்குது."

"இதுக்கு என்ன பண்ணணும், டாக்டரம்மா?"

"பிரஷருக்கு மாத்திரை தாரேன். உப்பைக் குறைங்க, பீடியை விடச் சொல்லுங்க, நல்லாத் தூங்கணும். எல்லாத்தையும் விட முக்கியம், தினமும் விறுவிறுன்னு நடக்கணும். வயசைத் திருப்ப முடியாது, விறைப்பைக் கொஞ்சம் இளக்கலாம். மாத்திரையை நான் தரலாம், நடக்கறதை அவருதான் நடக்கணும்."

"வெளிய வந்து உக்காந்திருக்கே, அதுக்கு?"

"அதுக்கு எங்க படிப்புல மருந்து இல்லம்மா" என்று கையை விரித்தார் டாக்டர்.

உப்பு என்றதும் செல்லக்கனிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் ஊறுகாய் பரணியையும் கருவாட்டுப் பானையையும் தூக்கி அடுத்த வீட்டுக் குருவம்மாவிடம் கொடுத்துவிட்டாள். குருவம்மாவின் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கண்டக்டர், அவர் இருதயமும் வராந்தாவில்தான் இருந்தது என்பது ரெண்டு பேருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

டாக்டர் சொன்னது டெப்போவுக்கு எட்டியதும் டெப்போவே திரண்டு வந்தது. பஸ்ஸோடு புழங்கின ஆட்கள் எதையும் பஸ்ஸாகத்தானே பார்ப்பார்கள்? ஒர்க்‌ஷாப்காரர்கள் நாற்காலியைச் சுற்றிக் குந்தி, காது கொடுத்துக் கேட்டு, வால்வு சத்தம் போடுது, இந்த நிலைமையில் ரோட்டில் இறக்கினால் பாதி வழியில் நின்றுவிடும், நிழலில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடுவதுதான் சரி என்று ஒரே குரலில் சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல் தென்னங்கீற்றில் ஒரு கொட்டகையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இருதயம் அந்தக் கொட்டகையில் இன்னும் சுகமாகச் சாய்ந்தது, பால்துரை இன்னும் வெளிறினார். தவமணிக்குக் குற்ற உணர்ச்சி. வெளிநாட்டில் கிழட்டு எலியையும் குட்டி எலியையும் சேர்த்துத் தைத்து, ரத்தத்தை மாற்றி ஓடவிட்டார்களாம், கிழட்டு எலியின் இருதயம் இளமையாகிவிட்டதாம் என்று எங்கேயோ படித்துவிட்டு, புதுசாக வேலைக்குச் சேர்ந்த கண்டக்டர் பையன்களைச் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டார். டாக்டர் வெளியே வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அது எலிக்கு அண்ணாச்சி! எலிக்கே நெசமா பொய்யான்னு இன்னும் சண்டை ஓடிக்கிட்டிருக்கு. பசங்களைக் கூட்டிட்டுப் போயி டூட்டிக்கு ஏத்துங்க."

செல்லக்கனிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் கணவன் முன்னால் போய் நின்றாள்.

"எந்திரிங்க. நடக்கப் போவோம்."

பால்துரை எழுந்தார், கொட்டகையைப் பார்த்தார், உட்கார்ந்தார். "அது வர மாட்டேங்குதேட்டி. ஓய்வுன்னு சொல்லியாச்சாம்லா."

"யாரு சொன்னா? அந்தத் தவமணி சொன்னா அதுக்கு வேதவாக்கா?" என்று கேட்டுக்கொண்டே செல்லக்கனி கொட்டகைக்குள் போனாள். நாற்காலியில் சொகுசாகக் கிடந்ததை முதல் தடவையாக ரெண்டு கையாலும் தூக்கினாள். அடைகாத்து எழுந்த கோழி மாதிரி வெதுவெதுப்பாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற ஒயர் கூடையில் ஒரு துண்டை விரித்து அதில் வைத்தாள், முந்தானையைச் செருகினாள், தெருவில் இறங்கி விறுவிறு என்று நடக்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி! எங்கட்டி தூக்கிட்டுப் போற?"

"காய் வாங்க! வேணும்னா பின்னால வாங்க!"

வேணுமா வேண்டாமா என்று யோசிக்க அவருக்கு எங்கே வழி? ஒரு தெரு நீளத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் கண் இருட்டுமே! செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். அவர் நடந்தால் அவர் காலுக்கு ரத்தம் வேணும், ரத்தம் வேணுமென்றால் கூடைக்குள் கிடக்கிறது துடிச்சாகணும். கூடைக்குள்ளிருந்து 'லப்டப் லப்டப்' என்று எரிச்சலாகச் சத்தம் வந்தது. செல்லக்கனி அதைக் குனிந்து பார்த்து, "கத்து, நல்லாக் கத்து" என்று சொல்லிக்கொண்டே வேகத்தைக் கூட்டினாள். மார்க்கெட்டில் அரைக்கிலோ கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி முடிப்பதற்குள் பால்துரை வந்து சேர்ந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, பல மாசத்துக்குப் பிறகு முதன்முதலாகக் கோபத்தோடு ஒரு வார்த்தை சொன்னார். "சண்டாளி" என்றார். செல்லக்கனிக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இதைப் பார்த்துக் குருவம்மாவும் கூடையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து எதிர் வீட்டுக்காரி, அவளைப் பார்த்துப் பின் தெருக்காரி என்று, ஆவணிக்குள் டிரைவர் காலனியில் காலையானால் இதே காட்சிதான்: கூடையும் கையுமாகப் பெண்கள் முன்னால் போக, ஓய்வு பெற்ற டிரைவர்களும் கண்டக்டர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மெதுவாப் போட்டி", "நில்லுடி", "உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று புலம்பிக்கொண்டே பின்னால் போக, ஊர்வலம் காலனியில் கிளம்பி, தேரடி சுற்றி, ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி, மார்க்கெட் வழியாகத் திரும்பும். ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. மேம்பாலத்தடியில் ஒருவன் கேப்பைக் கூழ் விற்க ஆரம்பித்தான். எந்த ஆம்பளை எத்தனையாவதாக வருகிறான் என்று டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். காலையில் பஸ் எடுத்துக்கொண்டு வருகிற டிரைவர்கள் ஊர்வலத்தைப் பார்த்தால் பஸ்ஸை ஓரங்கட்டி, தங்கள் சீனியர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கடந்துபோகும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

ஐப்பசியில் டாக்டர் ரஹ்மத் நிஷா மறுபடி ஜெல்லைத் தடவிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "நல்லா இளகியிருக்கே! இப்பவெல்லாம் விரிஞ்சு கொடுக்குது. ஐயா, கால் வீக்கம்கூட வத்திப்போச்சு. எல்லாம் அம்மா புண்ணியம்." இருதயமும் ஆள் மாறித்தான் போயிருந்தது. முன்னெல்லாம் கூடைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது, இப்போது விளிம்பில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தது, பழைய ரூட் பஸ் எதிரே வந்தால் சந்தோஷத்தில் ரெண்டு துடிப்புக் கூடுதலாகப் போட்டது. பால்துரைக்கும் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, குழம்பில் புளி கூடிவிட்டது என்று குறை சொல்லத் தெரிந்தது. ஆனால் உள்ளே மட்டும் அது போகவில்லை. செல்லக்கனி தினமும் வீட்டுக்கு வந்ததும் கூடையை அவர் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக் காட்டுவாள், அது ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலிக்குத்தான் போகும். எந்த நாள் அதற்கு மனசு மாறி நடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்குமோ, எந்த நாள் இந்த மனுஷன் திரும்பவும் "ம்" என்று சொல்ல ஆரம்பிப்பாரோ என்ற பயம் அவளை விட்டுப் போகவேயில்லை.

அந்தப் பயத்தில் அவள் தன்னைக் கவனிக்கவில்லை. இடது கை அவ்வப்போது வலித்தது, கூடை கனம் என்று நினைத்துக்கொண்டாள். மேம்பாலம் ஏறும்போது நெஞ்சு பிசைந்தது, வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்தாள். டாக்டரிடம் அவருக்கு மாத்திரை எப்போது, அவருக்குத் தூக்கம் எப்படி, அவருக்கு மோர் கொடுக்கலாமா என்று ஆயிரம் கேள்வி கேட்கிறவள் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை, டாக்டரும் வரிசையில் நிற்கிற கூட்டத்தில் கேட்காமல் விட்டுவிட்டார்.

கார்த்திகையில் ஒரு நாள் மேம்பாலத்தின் உச்சியில் செல்லக்கனி நின்றாள். நின்றவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தாள், பிறகு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் முத்து முத்தாக வியர்வை, உதடு வெளுத்திருந்தது. கூடை கையை விட்டு உருண்டது.

கூடைக்குள்ளிருந்து விழுந்த இருதயம் முதலில் அவளைப் பார்த்தது. அப்புறம் பாலத்தின் அடிவாரத்தைப் பார்த்தது. அங்கே பால்துரை, ஏறலாமா கொஞ்சம் நின்றுவிட்டு ஏறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், மேலே அவள் சரிவதைக் கண்டுவிட்டு, "ஏட்டி!" என்று ஒரு கத்துக் கத்தி, வேட்டியை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடிவர ஆரம்பித்தார். நடை இல்லை, ஓட்டம், இருபது வயசுப் பையன் ஓடுகிற ஓட்டம். அப்படி ஓடுகிற ஆளுக்குத் தள்ளி நின்று துடித்துக் கொடுத்தால் காணுமா? இருதயத்துக்கு அப்போது ஓய்வு ஞாபகம் இல்லை, தவமணி ஞாபகம் இல்லை, சாய்வு நாற்காலி ஞாபகம் இல்லை. அது சரிவில் குதித்து இறங்கி, பாதிப் பாலத்தில் அவரை எதிர்கொண்டு, எந்தப் பொத்தானையும் நெகிழ்த்தாமல் சட்டையோடு சேர்த்து நெஞ்சுக்குள் பாய்ந்தது. பால்துரை அதைக் கவனிக்கக்கூட இல்லை, ஓடிக்கொண்டே இருந்தார்.

பின்னால் வந்த குருவம்மா நடுரோட்டில் நின்று எதிரே வந்த பஸ்ஸை மறித்தாள். அதை ஓட்டி வந்தவன் பால்துரையிடம் தொழில் பழகின பையன், விஷயம் தெரிந்ததும் பயணிகளைப் பார்த்து, "எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டான். ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பஸ்ஸில் ஏறினால் செல்லக்கனி அவருடைய முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அவர் பயணிகள் சீட்டில், அவள் பக்கத்தில், அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். அவளுக்கு அந்த வலியிலும் அது தெரிந்தது.

அங்கே மணிக்கட்டு வழியாக மெல்லிசான ஒயரை விட்டு, ரத்தக்குழாயில் இருந்த அடைப்பைத் திறந்து, அது மூடாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். ரஹ்மத் நிஷா வெளியே வந்து பால்துரையைப் பார்த்தார்.

"சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க ஐயா, இனி பயமில்ல. ஆனா ஒண்ணு சொல்லுதேன். உங்க இருதயத்தை விட அம்மாவோடது ரொம்ப மூப்பு. ரொம்ப நாளா அது கஷ்டப்பட்டிருக்கு. நானும் கேக்காம விட்டுட்டேன், என் தப்பும் இருக்கு."

இருதயம் வெளியே இருந்திருந்தால் பால்துரை இதற்கும் "ம்" என்று சொல்லியிருப்பார். இப்போது அது உள்ளே இருந்தது. வெட்கமும் பயமும் பாசமும் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வர, ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தனக்கு இவ்வளவு ஆசை அவள் மேல் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

செல்லக்கனி வீட்டுக்கு வந்த நாளில் டிரைவர் காலனிப் பெண்கள் எல்லாரும் கூடி ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். ஆம்பளைகளுக்கு மட்டும் மாலை, மேளம், நாற்காலி, அக்கா இத்தனை வருஷம் உழைத்ததற்கு ஒரு சந்தனப்பொட்டுகூட இல்லையா என்று குருவம்மா டெப்போவுக்கே போய்ச் சண்டை பிடித்திருந்தாள். அதனால் காலனி முக்கில் சாமியானா, அதற்குக் கீழே செல்லக்கனி, கழுத்தில் மாலை, பக்கத்தில் பால்துரை, சுற்றிலும் ஊர், பெண்கள் கையில் கூடைகள், கூடைகளில் இருதயங்கள். எதிரே மைக்கைப் பிடித்துக்கொண்டு தவமணி.

தவமணி அன்றைக்கு அளவாகத்தான் பேசணும் என்று சபதம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இந்தக் கை அரைத்த மாவு எவ்வளவு, இந்தக் கண் முழித்த இரவு எத்தனை என்று ஆரம்பித்தார். முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். அதைப் பார்த்து அவருக்கும் அழுகை வந்துவிட்டது. சபதம் போன இடம் தெரியவில்லை. "யாருமே கண்டுக்கிடாம, ஒரு மாலை கேக்காம, ஒரு நாற்காலி கேக்காம உழைச்ச இருதயமே..." என்று தொண்டையைத் திறந்துவிட்டார்.

மாலைக்குள்ளே ஏதோ அசைந்தது. செவ்வந்திப் பூக்கள் மெல்ல விலகின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்பு, வெளியே வந்தால் தாங்குமா என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

பால்துரை, நாலு பேர் இருக்கிற இடத்தில் மனைவியைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டுப் பழகாத மனுஷன், எழுந்து, மாலைக்குள் கையை விட்டு, அவள் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். "போயிராத" என்றார், அவளிடம் சொன்னாரா அதனிடம் சொன்னாரா தெரியாது. "உனக்கு என்ன வேணும்னாலும் நான் செய்யுதேன். தண்ணி பிடிக்கேன், சோறு ஆக்குதேன், கூடையை நான் தூக்குதேன். போயிராத."

தவமணி பாதி வாக்கியத்தில் நின்றார். அவர் அப்படி நின்றதை டெப்போவில் யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. செல்லக்கனி கையை நீட்டி அவரிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"எனக்கு ஓய்வெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். குரல் மெலிசாக இருந்தாலும் காலனி முழுக்கக் கேட்டது. "வேலையில எனக்கு அலுப்பு வந்ததே இல்ல. ஒத்தையில செஞ்சேன் பாத்தியளா, அதுதான் அலுப்பு. எனக்குக் கூட ஒரு ஆளு இருந்தாப் போதும்."

யாரும் கைதட்டவில்லை. கூடைகளில்தான் முதலில் அசைவு தெரிந்தது. குருவம்மாவின் கூடையிலிருந்து அவள் வீட்டுக்காரருடைய இருதயம் இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், குற்றம் செய்த பிள்ளை மாதிரி விறுவிறு என்று போய் அவர் சட்டைக்குள் நுழைந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. ஆம்பளைகள் எல்லாரும் நெஞ்சைத் தடவிக்கொண்டு தங்கள் தங்கள் வீட்டுக்காரிகளைத் திருட்டு முழியாகப் பார்த்தார்கள், பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு சிரிப்பாகக் கைதட்டலும் விசிலும் கிளம்பி, மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தார்கள்.

பால்துரையின் உள்ளங்கைக்குக் கீழே, மூப்படைந்த, அவசரப்படாத, ஆனால் போகிற எண்ணமில்லாத துடிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"கையை எடுங்க" என்றாள் செல்லக்கனி, முகமெல்லாம் சிவந்துபோய். "ஊரே பாக்குது."

"பாக்கட்டும்" என்றார் பால்துரை.